மேனிஃபோல்டு மாற்றும் வேலையை எப்படி ரசிப்பது?

இன்ஜின் புகையைத் திரட்டி வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டுவிட்டது என்று மெக்கானிக் சொன்னதும், பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களில் பலர் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டாவது பக்கத்தில் நில்லுங்கள். இவ்வளவு பொறுமையைக் கேட்கிற கைவேலை பழைய காரில் அதிகம் கிடையாது.

ரசனை காதில் தொடங்குகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமெடுக்கும். டேப்பெட் சத்தம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இன்ஜின் சூடேறியதும் சத்தம் அடங்கினால் மேனிஃபோல்டைச் சந்தேகிக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து விரிசலின் வாயை மூடிவிடுகிறது. கைதேர்ந்த மெக்கானிக் ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டு வார்ப்பின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போவார். அவர் கை நிற்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கரிக்கோடு தெரியும்.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்தின் பிஎம்சி வடிவமைத்த பி சீரிஸ் வகை. நான்கு சிலிண்டருக்குப் புகை வெளியேற மூன்றே வாய்கள்தான். இரண்டாவதும் மூன்றாவதும் நடுவாயைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால் அவை இரண்டுக்கும் நடுவே ஒரு முழுச் சுற்று இடைவெளி இருக்கிறது. ஒன்றின் புகை மற்றொன்றை மறிப்பதில்லை. மேனிஃபோல்டு கழன்று மேஜைக்கு வந்ததும் அந்த நடுக்காலைத் தடவிப் பாருங்கள். அத்தனை வருடமும் இரட்டைச் சுமை தாங்கிய இடம் அது.

வேலையின் உயிர், மேனிஃபோல்டை இன்ஜின் ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் இருக்கிறது. வருடக்கணக்காகச் சூடேறி ஆறித் துருப்பிடித்த நட்டை அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். அப்புறம் அதைத் துளையிட்டு எடுக்க வேண்டும். அரை நாள் வேலை இரண்டு நாளாகும். அதனால் நல்ல மெக்கானிக் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறப்போடுவார். மறுநாள் ஸ்பானரை மாட்டியதும் அவர் செய்வதைக் கவனியுங்கள். கழற்றுவதற்கு முன்னால் துளி இறுக்குவார்! துருவின் பிடி அதில்தான் உடைகிறது. பிறகு கால் திருகு வெளியே, அரைக்கால் திருகு உள்ளே, மறுபடி எண்ணெய். அப்படியும் மசியாத நட்டுக்கு கேஸ் டார்ச். ‘கிரீச்’ என்று நட்டு விட்டுக்கொடுக்கும் சத்தத்துக்காகவே நான் பட்டறையில் நிற்பேன்.

மாற்று மேனிஃபோல்டு சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடினால் அகப்படலாம். வாங்கியதை அப்படியே மாட்டக் கூடாது. மூன்று முகங்களின் மேலும் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் ஒளி கசிந்தால் முகம் வளைந்திருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங் எப்போதும் புதிதுதான்.

மாட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக இறுக்குவார்கள். முரட்டுத்தனமாக இறுக்காததற்குக் காரணம் இருக்கிறது. 40 சென்டிமீட்டர் நீள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் கொடுக்கத்தான் ஸ்டட் துளைகளைச் சற்றே பெரிதாக விட்டிருக்கிறார்கள். ஆத்திரத்தில் நெரித்தால் இரும்பு நகர முடியாமல் மறுபடி விரிசல் விடும். பித்தளை நட்டு போடச் சொல்லிக் கேளுங்கள். அது ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது. அடுத்த முறை கழற்றுபவர் சுலபமாகக் கழற்றுவார்.

முதல் ஸ்டார்ட்டில் ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம். புகை அடங்கியதும் பானெட்டைத் திறந்துவைத்து ஐடிலிங்கைக் கேளுங்கள். ‘டிக் டிக்’ போய், சைலன்சர் முனையில் மட்டும் சீரான நாலு தாளம் கேட்க வேண்டும். சில நாள் ஓட்டிய பிறகு, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும் ஒரு காலையில் நட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். பேக்கிங் அமுங்கியிருக்கும்; ஒன்றிரண்டு நட்டாவது கொஞ்சம் திரும்பும்.