தட்டைத் தொப்பியா, ஃபெடோராவா?

ஃபெடோராவின் அழகெல்லாம் அதன் குழிவுகளில்தான். முயல் ரோமத்தை நீராவியிலும் வெந்நீரிலும் இறுக்கிச் செய்த ஃபெல்ட், உச்சியில் நீளவாக்கில் ஒரு பள்ளம், முன்பக்கம் இரு புறமும் விரல் பதிந்தாற்போல் ஒடுக்கம். இத்தாலியின் அலெசாண்ட்ரியாவில் 1857-ல் தொடங்கிய போர்சலினோ இதில் பெரிய பெயர். விளிம்பைச் சற்றே தாழ்த்தினால் பாதி முகம் நிழலாகிவிடும். 1942-ல் வந்த ‘காசாபிளாங்கா’வில் ஹம்ப்ரி போகார்ட்டுக்கு அந்த நிழல் எவ்வளவு கொடுத்திருக்கிறது! ஆனால் பேண வேண்டும். ஒடுக்கத்தைப் பிடித்துத் தூக்கித் தூக்கியே பலர் நல்ல தொப்பியைக் கிழித்துவிடுகிறார்கள். கழற்றினால் மல்லாத்தி வைக்க வேண்டும், இல்லையேல் விளிம்பு நெளிந்துவிடும்.

தட்டைத் தொப்பிக்கு இந்த உபசாரமெல்லாம் வேண்டாம். ட்வீட் துணி, முன்னால் விறைப்பான சிறு மறைப்பு, அவ்வளவுதான். கம்பளித் தொழிலைக் காப்பாற்ற, ஞாயிறுதோறும் சாமானியர்கள் கம்பளிக் குல்லாய் அணிய வேண்டும் என்று 1571-ல் இங்கிலாந்தில் சட்டமே போட்டார்கள். 1597-ல் சட்டம் போயிற்று, குல்லாய் போகவில்லை. பின்னாளில் யார்க்‌ஷர் ஆலைத் தொழிலாளி தலையிலும் வேட்டைக்குக் கிளம்பிய பிரபு தலையிலும் தட்டைத் தொப்பியைப் பார்க்கலாம்.

சூட் அணியும் மாலைக்கு ஃபெடோரா. தினமும் அணிய ஒன்றே ஒன்று என்றால், காற்றுக்குப் பறக்காத, மடித்துக் கோட்டுப் பைக்குள் வைக்க முடிகிற ட்வீட்டைத்தான் எடுப்பேன்.