தூரத்துப் பச்சை: மலைநாட்டு விடுதிப் படங்கள் குறித்து

விடுதிகளின் விளம்பரப் படங்களை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது தகுமா என நண்பர் சிலர் வினவக்கூடும். கவிதையும் நாவலும் நாடகமும் ஆராய்வாரின்றிக் காத்துக்கிடக்கையில், விருந்தினரை ஈர்ப்பதற்கென எடுக்கப்பட்ட நிழற்படங்களுக்கு இத்துணை முக்கியத்துவம் ஏன்? காரணம் எளிது. என். எஸ். எம். இராமையாவின் கதையொன்றை வாசித்தவர்களைக் காட்டிலும், பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலோ கந்தப்பளையிலோ உள்ள விடுதியொன்றின் படத்தைக் கண்டவர்கள் பன்மடங்கினர். மலையகம் என்றவுடன் பிறநாட்டார் மனத்தில் எழும் தோற்றத்தை ஆக்கிக்கொடுப்பவை இப்படங்களே. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் வாழும் நம்மவர் பலருக்கும் நிலைமை இதுதான். ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வைப் பற்றிய எண்ணத்தை உருவாக்கும் பணியை விளம்பரம் ஏற்றுக்கொண்டுவிட்டபோது, விமர்சனம் அதன் வாசலுக்குச் செல்லத்தான் வேண்டும்.

கடந்த கால் நூற்றாண்டுக்கு மேலாக, மலைநாட்டின் பழைய தோட்டத்துரைமார் பங்களாக்கள் ஒவ்வொன்றாக விடுதிகளாகி வருகின்றன. கந்தப்பளையில் மூடப்பட்டுக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று 1996ஆம் ஆண்டில் விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. இவற்றை விளம்பரஞ் செய்யும் படங்களுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. முன்னணியிலே புல்வெளி, அதன் ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை, மேசையிலே தேநீர்ச் சாடியும் இரு கோப்பைகளும், அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீப்பால் வாரிவிட்டாற்போன்ற பச்சை. மேலே மூடுபனி. இருந்தவர் சற்றுமுன் எழுந்து சென்றுவிட்டார் என எண்ணும்படி நாற்காலி சிறிது திருப்பி வைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் வந்து அமரவேண்டிய இடம் அது.

இத்தகைய படம் தானாக வாய்ப்பதில்லை. நன்கு பழகிய ஒரு தொழில்முறை அதன் பின்னே இருக்கிறது. அகன்ற கோணக் கண்ணாடி சிறிய அறையைப் பெரிதாக்கும். சுவர்கள் சரிந்து தோன்றாதபடி கமரா நெஞ்சளவு உயரத்தில் மட்டம் பார்த்து நிறுத்தப்படும். உள்ளறையின் இருளையும் சாளரத்துக்கு வெளியேயுள்ள ஒளியையும் ஒரே வீச்சிற் பிடிக்க முடியாதாகையால், வேறுவேறு ஒளியளவுகளிற் பல படங்கள் எடுத்து அவற்றை ஒன்றாக இணைப்பர். பகலிலேயே மேசை விளக்குகளை ஏற்றிவைப்பர். விரிப்பின் சுருக்கம் நீக்கப்படும்; போர்வையின் ஒரு மூலை மட்டும் அலட்சியமாக மடித்துவிடப்படும். மின்கம்பி, குப்பைத்தொட்டி, தண்ணீர்க்குழாய், தகரக்கூரை யாவும் ஒன்றில் கோணத்தால் மறைக்கப்படும், அல்லது பின்னர் அழிக்கப்படும். இவற்றையெல்லாம் மோசடி என்று நாம் கூற வரவில்லை. விருந்தினர் வருமுன் வீட்டைக் கூட்டி மெழுகுவது நம் வழக்கமுந்தான். கூட்டி மெழுகும்போது எது குப்பையெனத் தீர்மானிக்கப்படுகின்றது என்பதே நமது கேள்வி.

மலைநாட்டுப் படத்திலே குப்பையாகத் தீர்மானிக்கப்பட்டது லயம். பங்களாவுக்கு எட்டும் தூரத்தில், பெரும்பாலும் அதற்குக் கீழே, தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயன் காம்பராக்கள் உள்ளன. வரிசையாகக் கட்டப்பட்ட, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள். முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இஸ்தோப்பு என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்; வாயிலின் முன்னுள்ள திண்ணையைக் குறிப்பது. பங்களாவின் இஸ்தோப்பிலே பிரம்பு நாற்காலி போடப்பட்டுப் படம் எடுக்கப்படுகின்றது. லயத்தின் இஸ்தோப்பிலோ சமையலும் படிப்பும் நோயாளியின் படுக்கையும் நடைபெறுகின்றன. இரண்டுக்கும் பெயர் ஒன்றே, படம் ஒன்றுக்குத்தான்.

அந்தப் புகழ்பெற்ற காட்சி யாருக்காக அமைக்கப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது. பங்களா மேட்டிலே கட்டப்பட்டதற்குக் குளிர்ந்த காற்றும் அழகும் காரணங்களாயிருக்கலாம். ஆனால் அங்கிருந்து பார்த்தால் மலையில் யார் நிற்கிறார், எந்த நிரையில் எத்தனை பேர், எவர் குந்தியிருக்கிறார் என்பதும் தெரியும். துரையின் கண் செல்லும் வழியிலேயே இன்று விருந்தினரின் கண் செல்கின்றது. மேற்பார்வை செய்வதற்கு வாய்ப்பாயிருந்த இடம், பார்த்து மகிழும் இடமாக விற்கப்படுகின்றது. விடுதிக்காரர் புதிதாக எதனையும் சிருஷ்டிக்கவில்லை. இருந்த பார்வையையே நாட்கணக்கில் வாடகைக்கு விடுகின்றார்.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்திலே திணைக் கோட்பாடு நினைவுக்கு வருதல் இயல்பு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர் நம் முன்னோர். அத்துடன் நில்லாது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை ஆகியவற்றோடு அந்நிலத்து மக்களின் தொழிலையும் கருப்பொருளாகச் சேர்த்தே தொல்காப்பியம் கூறுகின்றது. தொழிலின்றித் திணை இல்லை. குறிஞ்சி என்றால் தேனெடுத்தலும் தினைப்புனங் காத்தலும் உடன் வரும். விடுதிப் படத்திலோ மலையும் வைகறையும் மிகக் கவனமாகப் பேணப்படுகின்றன. தொழில் அகற்றப்படுகின்றது, அல்லது அலங்காரமாக்கப்படுகின்றது. உரிப்பொருளாகிய உணர்ச்சியைக் கட்டணம் செலுத்துபவர் தம்முடன் கொண்டுவந்து இட்டு நிரப்பிக்கொள்கின்றார். நிலக்காட்சி வருணனை என்ற வகையிலே, சங்கப் புலவனின் ஒரு சிறு பாட்டிலுள்ள நேர்மைகூட இதில் இல்லை என்றே சொல்லவேண்டும்.

தொழிலாளி முற்றாக அகற்றப்படுவதில்லை என்று யாரேனும் மறுக்கலாம். உண்மை, கொழுந்து பறிக்கும் பெண் படத்திலே வருகின்றாள். ஆனால் எவ்வாறு வருகின்றாள்? நிறம் எடுப்பான சேலை, நெற்றியில் பொட்டு, முதுகிலே பிரப்பங்கூடை, முகத்திலே சிரிப்பு. இப்போது தோட்டங்கள் பலவற்றில் கூடைக்குப் பதிலாகப் பையே தலையிலிருந்து தொங்குகின்றது. இடுப்பிலே படங்கு சுற்றப்பட்டிருக்கின்றது. மழைநாளில் பொலித்தீன் உறை போர்த்தப்பட்டிருக்கின்றது. அட்டைக்கடியும் உண்டு. பதினாறு, பதினெட்டுக் கிலோ கொழுந்து நிறுக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும் என்ற கவலையும் உண்டு. அவையெல்லாம் படத்துக்கு உதவா. சில விடுதிகளிலே விருந்தினருக்கே சேலை உடுத்திக் கூடை மாட்டிச் சிறிது நேரம் கொழுந்து கிள்ளவிட்டுப் படம் எடுத்துக்கொடுக்கிறார்கள். உழைப்பு வேடமாகிவிட்டபின் உழைப்பவள் தேவையில்லாது போவதும் நியாயந்தானே! பங்களாவின் உள்ளே எடுக்கப்படும் படங்களில் இன்னொரு வழக்கம் காண்கிறோம். வெள்ளை உடுப்பு, தேநீர்த் தட்டு, அதைத் தாங்கும் இரு கரிய கைகள். தலை சட்டத்துக்கு வெளியே நின்றுவிடும்.

சட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாட்டின் கணக்கிலிருந்து வெளியே நிறுத்தியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்க 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அரசியலிலே நடந்ததற்கும் நிழற்படத்திலே நடப்பதற்கும் இடையிலே காரண காரியத் தொடர்பு உண்டென்று நாம் வலிந்து நிறுவ முயலவில்லை. பழக்கம் ஒன்றே என்பதைச் சுட்டுகிறோம். பறிப்பவர் வேண்டும், அவர் குடியிருப்பு கண்ணில் படக்கூடாது.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். ஆங்கில நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகிய ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரனேதான். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளர். இங்கிலாந்திலே டெனிசனையும் டார்வினையும் ஹெர்ஷலையும் அவ்வம்மையார் படமெடுத்தார். அப்படங்களிலே முகம் ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. இலங்கையிலே அவர் எடுத்தவற்றுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் தொழிலாளரும் கிராமத்தவரும் கம்பீரத்தோடு நிற்கின்றனர். ஆயின் அவர்களிற் பலர் பெயரற்றவர். 1879இல் மறைந்த அவர் பொகவந்தலாவைத் தேவாலயத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார். அப்பள்ளத்தாக்கிலேதான் இன்று பங்களா விடுதிகள் சில இருக்கின்றன. அவருடைய கலையுள்ளத்தை நாம் மறுக்கவில்லை. அவர் முன் நின்றவர்களின் முகத்திலே ஒரு கனம் இருக்கின்றது; இன்றைய விளம்பரச் சிரிப்பிலே அது இல்லை. பெயர் எழுதாத வழக்கம் மாத்திரம் மாறவில்லை.

ஜோன் பேர்ஜர் 1972இல் கெயின்ஸ்பரோவின் ஓவியமொன்றை எடுத்துக்கொண்டு, நிலவுடைமையாளரான கணவனும் மனைவியும் தம் வயலின் முன்னே வீற்றிருக்கும் கோலத்தில் உடைமையின் இன்பம் தெரிகின்றது என விளக்கினார். அவ்வோவியத்திலே கதிர்க்கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, கட்டியவர் எவருமில்லை. நமது விடுதிப் படம் அதனினும் ஒருபடி முன்னேறியது எனலாம். உடைமையாளரின் இருக்கையை அது வெறுமையாக விட்டிருக்கிறது, யாரும் வந்து அமரலாமென்று. யாரும் என்றால், பணமுள்ள யாரும். 2021 மார்ச்சிலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபாவாயிற்று, அதுவும் நீண்ட போராட்டத்தின் பின்னர். உயர்தர விடுதிகளிலே ஓரிரவுக் கட்டணம் இத்தகைய கூலியின் பல மாதத் தொகையை விஞ்சும்.

விளம்பரம் என்றால் இப்படித்தான் இருக்கும், வேறென்ன எதிர்பார்க்கலாம் என்ற சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. 1934இல் பாசில் ரைற் இயக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படம் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்திலே ஆக்கப்பட்டது. லயனல் வென்ற் அதற்குக் குரல் கொடுத்தார். ஏகாதிபத்தியத்தின் வணிகத் தேவையிலே பிறந்த படந்தான்; கீழைத்தேயத்தைக் கனவாகக் காணும் மயக்கமும் அதில் நிரம்ப உண்டு. எனினும் அதன் மூன்றாம் பகுதியிலே, உழைப்பவரின் உடல்கள் திரையில் அசைந்துகொண்டிருக்க, சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் மேலே ஒலிக்கின்றன. இந்த உழைப்புக்கும் அந்த விலைக்கும் தொடர்புண்டு என்பதைப் பார்ப்பவர் காதாலேயே உணர்கின்றார். பணங் கொடுத்தவரின் தேவையை நிறைவேற்றிய பின்னும் கலைஞனுக்கு எஞ்சியிருந்த சிறு இடத்தை ரைற் பயன்படுத்தினார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர், எத்தனையோ நுட்பமான கருவிகள் கையிலிருந்தும், நமது படப்பிடிப்பாளர் அந்த இடத்தைத் தேடியதற்கு அறிகுறியில்லை.

அப்படியாயின் லயத்தையும் படத்திலே சேர்த்துவிட்டாற் போதுமா? ஒழுகும் கூரையையும் சளியொழுகும் குழந்தையையும் காட்டி இரக்கத்தை விற்பது இன்னொரு வியாபாரமே. சில வெளிநாட்டு ஏடுகள் அதையும் செய்துவருகின்றன. நாம் கேட்பது வேறு. பங்களாவின் வரலாற்றைக் கூறும்போது எந்த ஸ்கொத்லாந்துத் துரை எந்த ஆண்டிலே கட்டுவித்தான் என்பதோடு நிறுத்தாது, கல் சுமந்தவர் எங்கிருந்து எந்த வழியாக நடந்து வந்தார் என்பதையும் கூறட்டும். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவ்வழியை 2023இல் மலையக மக்கள் மீண்டும் நடந்து காட்டினார்களே! சமையற்காரர் முகத்தோடும் பெயரோடும் வரட்டும், அவர் விரும்பினால். படமெடுக்கப்பட்ட பெண்ணுக்கு அப்படத்தின் பயனில் ஒரு பங்கு கிடைக்கட்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகளல்ல. கணக்கு வழக்கில் சாதாரண நேர்மை.

இதனிடையே ஒன்று சொல்லவேண்டும். வழிப்போக்கருக்கு இடங்கொடுத்தல் நமக்குப் புதிதன்று. வடக்கே மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் ஒரு தொகுதியாகவே அமைந்தன. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். மாட்டுக்கும் தினவு தீர்க்க ஒரு கல் நட்ட பண்பாடு அது. அம்மடங்களிலே சாதி பார்த்து ஒதுக்கியதும் உண்டென்பதை மறந்து பழம்பெருமை பேச நாம் ஆயத்தமாயில்லை. பின்னர் அரசாங்கத்தின் வாடிவீடுகள் வந்தன. கடமைக்காகப் பயணஞ் செய்யும் உத்தியோகத்தர் தங்குவதற்கு ஒரு கட்டில், ஒரு சோற்றுக்கறி. அழகுபடுத்தல் பெரிதாக இல்லை.

மலையகத்தைப் பாடியோரும் எழுதியோரும் இந்தப் படங்களுக்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை எழுதிவிட்டனர். 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் நாவலுக்குப் பெயரே ‘தூரத்துப் பச்சை’. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்’திலே அந்தக் கூடை ஒரு பெண்ணின் உழைப்பையும் தன்மானத்தையும் சுமந்து நிற்கின்றது. விருந்தினர் முதுகில் மாட்டப்படும் கூடையோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்க மாணவர்களை நாம் தூண்டலாம். வகுப்பறையிலே இதைவிட நல்ல விமர்சனப் பயிற்சி கிடைப்பது அரிது.

நம்மை அதிகம் உறுத்துவது விடுதி முதலாளியின் படமன்று. எல்ல முதலான இடங்களிலே, தோட்டத்துப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் தமது முயற்சியால் ஓரிரு அறைகளைக் கட்டி விருந்தினரை ஏற்கத் தொடங்கியிருக்கின்றனர். வரவேற்கத்தக்க முயற்சி, கொழுந்துக் கூடைக்கு வெளியே ஒரு வருவாய். அவர்களும் படம் எடுக்கின்றனர். எடுக்கும்போது அதே வெள்ளைத் துணி, அதே தேநீர்ச் சாடி, அதே மூடுபனி. கமராவைச் சற்றுத் திருப்பினால் தாம் பிறந்து வளர்ந்த லயம் தெரியும் என்பதனால் திருப்பாதிருக்கப் பழகிக்கொள்கின்றனர். பிழைப்புக்காகச் செய்கிறார்கள் என்பதை நாம் உணர்கிறோம். அவர்களை இடித்துரைக்க நமக்கு உரிமையில்லை. ஆனால், தன் வீடு காட்சியைக் கெடுக்கும் ஒரு களங்கம் என்று பதினெட்டு வயதில் கண்ணாலே கற்றுக்கொண்ட ஒருவன், அந்த வீட்டுக்குக் காணியுறுதி வேண்டுமென்று நாளை தோட்டக் காரியாலயத்தின் முன் எந்தக் குரலிலே கேட்பான்? 2014 ஒக்ரோபரில் மீரியபெத்தையிலே மண் சரிந்து லயங்களைப் புதைத்தபோதுதான், அந்தப் பச்சைச் சரிவிலே மனிதர் குடியிருந்தார்கள் என்பதைப் பலர் அறிந்தனர். சரிவு அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. லயமும் அங்கேதான் இருந்தது.