காலத்தைப் பிரித்துக் கேட்டல்: இளையராஜா இசை குறித்த விருப்பு விலக்குகளும் திணை நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இசைக்கலைஞரின் படைப்புக் காலத்தில் ஒரு பகுதியைப் போற்றி மற்றொரு பகுதியை ஒதுக்குவது தமிழ்த் திரையிசைச் சுவைஞரிடையே பரவலாகக் காணப்படும் போக்கு. இளையராஜாவின் இசையை '1992க்கு முன்', '1992க்குப் பின்' எனப் பிரித்துப் பேசுவது இதற்குத் தக்க சான்றாகும். இப்பகுப்பு இசையை மட்டும் அளவிடுகிறதா, கேட்டவரின் சூழலையும் சேர்த்து அளவிடுகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா. தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் மூவகைப் பாகுபாட்டைத் துணையாகக் கொண்டு அவ்வினா இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இளையராஜா, திரையிசை, காலப் பகுப்பு, முதல் – கரு – உரி, திணை மயக்கம், பிற்காலப் படைப்பு.

முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்திற்கும் இடையே அமைந்த ஊர் வேப்பம்பட்டு. கட்டுரையாளர் அவ்வூரிலிருந்து நாள்தோறும் புறநகர் ரயிலில் பணிக்குச் சென்று வருபவர். அப்பயணத்தில் எவரேனும் ஒருவரின் கைப்பேசியில் இளையராஜாவின் பாடல் ஒலிப்பது வழக்கம். பெரும்பாலும் அது 1980களின் பாடலாகவே இருக்கும். அக்காலப் பாடல்களையே உயர்ந்தவை எனக் கொண்டு பின்வந்தவற்றைக் கேளாமலே ஒதுக்கியவர்களுள் கட்டுரையாளரும் ஒருவர்.

திரையிசை பற்றிய வகுப்புரையாடல் ஒன்றில் இக்கருத்தை முன்வைத்தபோது, மாணவர் ஒருவர் அதை ஏற்கவில்லை. அவர் இளையராஜாவைப் 'பிதாமகன்' (2003) வழியே அறிந்தவர். 1980களின் பாடல்களில் உள்ள தாளக்கருவிகளின் ஒலி தமக்குப் பழையதாகத் தோன்றுவதாகவும், பிற்காலப் பின்னணி இசையே தம்மை ஈர்ப்பதாகவும் அவர் கூறினார். அவருக்குத் தந்த மறுமொழியில் இசை சார்ந்த காரணம் ஒன்றும் இல்லை. பழைய நினைவுகள் மட்டுமே இருந்தன. ஒரு பணிக்காலத்தின் பாதியைக் காரணம் கூறாமல் விலக்குவது திறனாய்வு ஆகாது என்ற உணர்வே இக்கட்டுரைக்கு அடிப்படை.

காலப் பகுப்பின் மரபு

கலைஞரின் வாழ்வைக் காலங்களாகப் பிரிப்பது புதிதன்று. பேத்தோவனின் படைப்புகளை மூன்று பாணிகளாகப் பகுத்து வில்ஹெல்ம் வான் லென்ஸ் 1852இல் நூல் எழுதினார். பேத்தோவனின் பிற்காலப் பாணியைப் பற்றி அடோர்னோ 1937இல் கட்டுரை வரைந்தார். அதனைத் தொடர்ந்து சிந்தித்த எட்வர்டு சயீதின் பிற்காலப் பாணி குறித்த நூல் அவர் மறைவிற்குப் பின் 2006இல் வெளிவந்தது. பிற்காலப் படைப்பை முற்காலத்தின் தேய்வாகக் காணாமல், அதன் முரண்களோடும் முழுமையின்மையோடும் காணவேண்டும் என்பது இவ்விருவரிடமிருந்தும் பெறத்தக்க கருத்து.

தமிழ்த் திரையிசையில் இளையராஜாவிற்கு முன்பே இத்தகைய பகுப்பு நிலவியது. எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் 'பணம்' (1952) முதல் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வரை இணைந்து இசையமைத்தனர். இணை பிரிந்த பின் விஸ்வநாதன் தனித்து இசையமைத்த பாடல்களை இரட்டையர் காலத்தோடு ஒப்பிட்டுக் குறைத்து மதிப்பிடுவோர் இன்றும் உளர். ஆயின் அங்கே பகுப்பிற்குப் புறநிலையான ஒரு நிகழ்வு உண்டு. ஒருவர் விலகினார், அதனால் இசை மாறியதா என்று கேட்க இடமுண்டு.

இளையராஜாவின் நிலை வேறு. 'அன்னக்கிளி' (1976) தொடங்கி அவர் தனித்தே இயங்குகிறார். 1992 எல்லையாகக் கொள்ளப்படுவதற்குக் காரணம் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த 'ரோஜா'வும், அதன்வழி ஏ.ஆர். ரஹ்மான் பெற்ற ஏற்பும் ஆகும். அதாவது, ஒருவர் இசையின் எல்லை மற்றொருவர் வருகையால் வரையப்பட்டுள்ளது. அதே ஆண்டின் தீபாவளிக்கு 'தேவர் மகன்' வெளிவந்தது என்பதை இப்பகுப்பு கருதுவதில்லை. வேறு சிலர், வைரமுத்துவுடனான கூட்டு 'நிழல்கள்' (1980) படத்தில் தொடங்கி 1986 அளவில் முடிந்ததைக் கொண்டு எல்லையை அங்கே வைப்பர். அவ்வாறாயின், புலமைப்பித்தன் பாடல்கள் இடம்பெற்ற 'நாயகன்' (1987), வாலி எழுதிய 'தளபதி' (1991) ஆகியவை எல்லைக்கு வெளியே சென்றுவிடும். எல்லைகள் ஒருவருக்கொருவர் வேறுபடுவதே அவை இசையிலிருந்து மட்டும் பிறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

முதற்பொருள்: கேட்ட இடமும் பொழுதும்

தொல்காப்பிய அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம். இங்கு இசை நுகர்வை விளக்கும் கருவியாக மட்டும் எடுத்தாளப்படுகிறது.

1980களில் இப்பாடல்கள் வானொலி, தேநீர்க்கடை, திருமண வீட்டு ஒலிபெருக்கி, பேருந்து ஆகியவற்றின் வழியே பொதுவெளியில் கேட்கப்பட்டன. ஒருவர் தெரிவு செய்யாமலே பாடல் அவரிடம் வந்தது. ஒரே பாடலை ஒரு தெருவே ஒரே நேரத்தில் கேட்டது. ஆதலால் அப்பாடல் தனியொருவர் நினைவாக மட்டுமன்றி ஒரு கூட்டத்தின் நினைவாகவும் பதிந்தது. 2000களில் குறுந்தகடும் பின்னர்க் கைப்பேசியும் காதொலிக்கருவியும் பரவியபோது கேட்டல் தனிச்செயலாயிற்று. வேப்பம்பட்டு போன்ற புறநகர்களில் குடியேறியோர் பலர் தம் இளமையை வேறு ஊர்களில் கழித்தவர்கள். அவர்கள் 1980களின் பாடலைக் கேட்கும்போது விட்டுவந்த ஊரையும் உடன் கேட்கின்றனர். ரயிலில் அருகமர்ந்து காதொலிக்கருவியில் கேட்கும் இளைஞருக்கு அந்த ஊர் இல்லை.

இது குறையன்று. முதற்பொருள் இன்றி எவரும் இசையைக் கேட்பதில்லை. ஆயினும் முதற்பொருள் தந்த இன்பத்தை உரிப்பொருளின் உயர்வாகக் கொள்ளும்போதுதான் மதிப்பீடு பிழைபடுகிறது.

கருப்பொருள்: கருவிகளும் கலைஞர்களும்

தொல்காப்பியர் கருப்பொருள்களின் வரிசையில் பறையையும் யாழையும் வைத்துள்ளார். இசைக்கருவி ஒரு நிலத்தின் வாழ்விலிருந்து பிறப்பது என்பது இதன் உட்பொருள். இளையராஜாவின் முற்காலத்தை விரும்புவோர் முன்வைக்கும் முதன்மைக் காரணமும் கருப்பொருள் சார்ந்ததே: 'அன்று கலைஞர்கள் நேரில் வாசித்தனர், பின்னர் இயந்திரம் வாசித்தது.'

இக்கூற்றில் உண்மை உண்டு. புருஷோத்தமனின் தாளக்கருவி, விஜி மேனுவலின் விசைப்பலகை, நெப்போலியனின் புல்லாங்குழல் ஆகியவை அக்கால ஒலியின் பிரிக்க முடியாத கூறுகள். எழுதித் தந்த இசைக்குறிப்பை ஒரே கூடத்தில் பலர் சேர்ந்து வாசிக்கும்போது எழும் நுண்ணிய அசைவு, முன்பதிவு செய்த தாளத் துணுக்கில் எழுவதில்லை. பிற்காலப் பாடல்கள் பலவற்றில் வயலின் குழுவின் இடத்தைச் செயற்கை ஒலி நிரப்பியதால் நேர்ந்த இழப்பை மறைக்க வேண்டியதில்லை.

எனினும் இதனைக் கொண்டு காலத்தைப் பிரிக்க இயலாது. 'புன்னகை மன்னன்' (1986) கணினிவழி ஒலியைப் பயன்படுத்திய படம். 'அக்னி நட்சத்திரம்' (1988) மின்னணுத் தாளத்தால் புகழ்பெற்றது. இவை பொற்காலம் எனப்படும் பகுதிக்குள்ளேயே உள்ளன. மறுபுறம் 'ஹே ராம்' (2000), 'திருவாசகம்' (2005) ஆகியவை புடாபெஸ்ட் இசைக்குழுவினர் வாசித்துப் பதிவானவை.

வேற்று நிலத்துப் பூவும் புள்ளும் ஒரு நிலத்தில் வருமாயின் வந்த நிலத்தின் பயனையே தரும் என்பது தொல்காப்பிய விதி. 1986இல் கணினி ஒலி அவ்வாறே வந்தது. அது சேர்ந்த இடம் பல குரல்கள் தனித்தனியே இயங்கும் ஓர் இசைக்கட்டமைப்பு; ஆகவே அது அக்கட்டமைப்பின் பயனைத் தந்தது. ஒரு கருவி எந்த ஆண்டில் நுழைந்தது என்பதைவிட, நுழைந்த பாடலில் அது என்ன செய்கிறது என்பதே ஆராயத்தக்கது.

உரிப்பொருள்: இசையின் கட்டமைப்பு

உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்கிறது தொல்காப்பியம். எனவே காலங்களை ஒப்பிடுவோர் மயங்காத ஒன்றைக் கொண்டே ஒப்பிடுதல் வேண்டும். இளையராஜாவின் இசைக்கு உரியது எது? பாடகர் பாடும் மெட்டு மட்டும் அன்று; அம்மெட்டுக்கு அடியில் தாழ்சுர கிதார் தனியொரு மெட்டாக நடப்பது, வயலின் குழு அதற்கு எதிர்நிலையில் மற்றொரு வரியைத் தொடுப்பது, முதல் இடையிசையும் இரண்டாம் இடையிசையும் வெவ்வேறு வழிகளில் சென்று சரணத்தின் வாயிலை அடைவது ஆகியவை சேர்ந்ததே அது. 'மௌன ராகம்' (1986) பாடல்களில் குரலை நீக்கிக் கேட்டாலும் பாடல் நிகழ்ந்துகொண்டிருப்பதை உணரலாம். தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' (1986) இக்கட்டமைப்பையே பாடற்சொற்கள் இன்றி முன்வைத்தது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், 1990களின் பிற்பகுதியிலிருந்து பாடல் வடிவில் ஒரு தளர்ச்சி தெரிகிறது. தொடக்கத்தில் வந்த தாளக் கட்டு இறுதிவரை மாறாமல் செல்லும் பாடல்கள் மிகுந்தன. இடையிசை சரணத்திற்கு இட்டுச்செல்லும் வழியாக இல்லாமல் இடைவெளியை நிரப்புவதாகச் சுருங்கியது. கட்டுரையாளரின் பழைய வெறுப்பில் இந்த அளவுக்கு நியாயம் இருந்தது. ஆயினும் அதற்குரிய காரணம் அப்போது சொல்லப்படவில்லை.

ஆனால் அதே காலத்தில் உரிப்பொருள் இடம்பெயர்ந்ததையும் காணவேண்டும். 'சேது' (1999), 'பிதாமகன்', 'விருமாண்டி' (2004), 'நான் கடவுள்' (2009), 'நந்தலாலா' (2010) ஆகிய படங்களில் பல்குரல் இயக்கமும் எதிர்நிலை அமைப்பும் பின்னணி இசையில் தங்கின. உரையாடல் குறைந்த 'நந்தலாலா'வில் மௌனத்திற்கும் இசைக்கும் இடையிலான பங்கீடே காட்சியை நடத்துகிறது. 1980களின் படங்களில் பாடல்கள் பெற்ற கவனத்தால் பின்னணி இசைக்கு உரிய கவனம் கிட்டவில்லை. பிற்காலத்திலோ பாடல்களின் தளர்ச்சி அதனை மறைத்தது.

தேசிய விருதுகள் இங்கு ஒரு துணைச்சான்று. 'சாகர சங்கமம்' (1983), 'சிந்து பைரவி' (1985), 'ருத்ரவீணா' (1988) ஆகியவற்றுக்கு இசையமைப்பாளர் விருதும், 'பழசி ராஜா' (2009), 'தாரை தப்பட்டை' (2015) ஆகியவற்றுக்குப் பின்னணி இசை விருதும் அவருக்குக் கிடைத்தன. 2009ஆம் ஆண்டுக்கான விருதுகள் முதல் பாடலிசையும் பின்னணி இசையும் தனித்தனியே மதிப்பிடப்படுவதால் இதனை முடிந்த சான்றாகக் கொள்ளலாகாது. எனினும் மேற்கூறிய இடப்பெயர்ச்சியோடு இது பொருந்துகிறது.

தொகையும் தொகுக்கப்படாதனவும்

ஒப்பீட்டில் நேரும் மற்றொரு பிழை அளவு சார்ந்தது. 1976 முதல் 2016இல் திரைக்கு வந்த 'தாரை தப்பட்டை' வரை இளையராஜாவின் படங்கள் 1000. சராசரியாக ஆண்டுக்கு 25 படங்கள். 1980களில் இதனினும் மிகுதி. அவற்றுள் இன்று நினைவில் நிற்பவை ஒரு பகுதியே. அக்காலத்தில் விரும்பிய பாடல்களைக் காகிதத்தில் வரிசையிட்டு, பதிவுக் கடையில் 60 அல்லது 90 நிமிட வெற்று ஒலிநாடாவில் பதிந்து வாங்கும் வழக்கம் இருந்தது. 60 நிமிட நாடாவில் ஏறத்தாழ 12 பாடல்கள் அடங்கும். ஒவ்வொருவரும் ஒரு தொகுப்பாசிரியராக இருந்தனர். அவ்வாறு வடிகட்டப்பட்ட பாடல்களே பின்னர் வானொலி நிகழ்ச்சிகளுக்கும் கைப்பேசிப் பட்டியல்களுக்கும் வந்து சேர்ந்தன.

ஆகவே 1980கள் நம்மிடம் ஒரு தொகைநூலாக வந்துள்ளன. 2000களின் பாடல்கள் அத்தகைய தொகுப்பிற்கு உட்படவில்லை. தொகைநூலைத் தொகுக்கப்படாத ஏட்டுக்கட்டோடு ஒப்பிட்டு ஏட்டுக்கட்டைப் பழிப்பது நேரிய ஒப்பீடு ஆகாது. 1983இன் எளிய பாடல் ஒன்றை 2003இன் எளிய பாடல் ஒன்றோடு ஒப்பிடும்போதுதான் தளர்ச்சி எவ்வளவு என்பது தெரியும். அது இருக்கிறது, ஆனால் நினைவு சொல்லும் அளவுக்கு இல்லை.

முடிவுரை

காலப் பகுப்பைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. அனைத்தும் ஒரே தரத்தன என்னும் பக்தி, முன்னையதே சிறந்தது என்னும் ஏக்கம் ஆகிய இரண்டுமே கேட்டலைத் தவிர்ப்பதற்கான வழிகள். 'பிற்காலப் பாணி' என்னும் கோட்பாடும் தளர்ந்த பாடல்களைக் காக்கும் கேடயமாகப் பயன்படக்கூடும் என்பதால் எச்சரிக்கை தேவை. பகுப்பதாயின் எப்பொருளால் பகுக்கிறோம் என்பதைச் சொல்லுதல் வேண்டும். முதற்பொருளால் பகுத்தால் அது நுகர்வு வரலாறு. கருப்பொருளால் பகுத்தால் தொழில்நுட்ப, கலைஞர் வரலாறு. உரிப்பொருளால் பகுத்தால் மட்டுமே இசை வரலாறு.

அவ்வாறு பகுக்கும்போது இளையராஜாவின் காலம் 1992இல் இரண்டாக உடைவதில்லை. பாடலில் ஓங்கியிருந்த ஒன்று மெல்லப் பின்னணி இசைக்கு இடம்பெயர்ந்த நெடிய மாற்றமாகவே அது தோன்றுகிறது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவரது 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியதால், இறுதிக் காலம் என ஒன்றை இன்னும் வரையறுக்கவும் இயலாது. 'பிதாமகன்' வழியே வந்த மாணவரின் விருப்பும் 1980கள் வழியே வந்த ஆசிரியரின் விருப்பும் ஒரே உரிப்பொருளை வெவ்வேறு இடங்களில் கண்டடைந்தவை. அம்மாணவருக்கு அன்று தரவேண்டியிருந்த மறுமொழி இதுவே.