காற்றும் நீரும் கற்பிக்குமோ?

'காற்று - நீர்' எனப் பொருள்படும் சீனச் சொற்கூட்டே ஃபெங் சுயி. அது இன்று வகுப்பறையிலும் புகுந்துவிட்டது. ஆசிரியர் மேசை கதவை நோக்கட்டும், மூலையில் 'அதிர்ஷ்ட மூங்கில்' வளரட்டும், கல்வி தானே செழிக்கும் என்கின்றனர்!

தோழர்களே, அது மூங்கிலே அன்று. நடு ஆப்பிரிக்காவின் டிரசீனாச் செடி. பெயரே பொய்; பலன் மட்டும் மெய்யோ?

குடும்பப் பெயரின் ஒலிக்கு ஒவ்வாத திசையில் வாயில் வைத்தால் கேடு வரும் என்ற நம்பிக்கையைச் சீனப் பேரறிஞர் வாங் சோங் 1ஆம் நூற்றாண்டிலேயே மறுத்தெழுதினார். பிறந்த மண்ணிலேயே பிடிபட்ட புரட்டு இது!

செடி நச்சுக்காற்றை நீக்குமே என்பர். 1989இல் நாசா ஆய்வு அதைக் கண்டது மூடிய சிறு கூண்டுக்குள். கட்டடங்களில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்துக்கு ஈடாக, சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்றது 2019இல் வெளிவந்த ஆய்வு. அத்தனையும் வைத்தபின் பிள்ளைகளை எங்கே அமர்த்துவது?

செடி வளர்ப்போம், வேரும் இலையும் பாடமாகட்டும். ஆனால் நாற்பது பேர் மூச்சுவிடும் அறையில் கடைசி வரிசைச் சிறுவன் கண்ணயர்ந்தால், திசையையா குறை கூறுவது? அடைத்த சாளரத்தையன்றோ திறக்க வேண்டும்!