கடைசி வரிசையில் மூன்று வாரம்

பெரிய எஸ்யூவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். இந்த மூன்று வாரத்தில் முடிந்தபோதெல்லாம் நான் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் ஏறிக்கொண்டேன். காரணம் உண்டு. வீட்டில் நாங்கள் ஏழு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, நடு வரிசைதான் சரிப்படும். கடைசி வரிசை எப்போதும் அக்கா பிள்ளைகளுக்கு. மலை ஏறும்போது முதலில் முகம் வெளுத்து, "மாமா, வண்டிய நிறுத்துங்க" என்பதும் அவர்கள்தான்.

மாறி மாறி ஏறியது இரண்டு வண்டிகளில். ஒன்று என்னுடைய 2020 ஃபோர்டு எண்டெவர். மற்றது மச்சானுடைய 2021 டொயோட்டா ஃபார்ச்சூனர். இரண்டும் டீசல், இரண்டும் ஆட்டோமேட்டிக், இரண்டும் நான்கு சக்கரமும் இழுப்பவை, இரண்டுக்கும் அடியில் லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேசிஸ். எண்கள் தெரியாதவர்கள் இதைப் படிக்கமாட்டார்கள், ஆகவே சுருக்கமாக: ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் எஞ்சின் 204 பிஎஸ், 500 நியூட்டன் மீட்டர். எண்டெவரின் 2 லிட்டர் எஞ்சின் 170 பிஎஸ், 420 நியூட்டன் மீட்டர், பத்து கியர். ஏற்றத்தில் இழுக்கிற பலத்தில் ஃபார்ச்சூனர் முன்னால் நிற்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு சனிக்கிழமை ஒரு வண்டியிலும், அடுத்த சனிக்கிழமை மற்றதிலும் ஏறினோம். இரண்டு முறையும் எனக்கும் பெரிய பையனுக்கும் கடைசி வரிசை. எண்டெவரில் போன அன்று முப்பதாவது வளைவு தாண்டியும் அவன் என்னோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே வந்தான். அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் இறங்கும்வரை ஒரு முறைகூட நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஏன் என்று தெரிந்துகொள்ள, மறுநாள் நாமக்கல்லில் தெரிந்த லாரிப் பட்டறை ஒன்றில் வண்டியைக் குழிமேல் நிறுத்தச் சொல்லி அடியில் இறங்கிப் பார்த்தேன். கடைசி வரிசை ஏறக்குறைய பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. அச்சுக்கு நடப்பதெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு நடக்கிறது. இரண்டு வண்டியிலும் பின் அச்சு இடமிருந்து வலம்வரை ஒரே உறுதியான துண்டு, மேலே சுருள் ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங் மேலும் கீழும் மட்டும்தான் தாங்கும். அச்சு பக்கவாட்டில் நழுவாமலிருக்க வேறொன்று வேண்டும். ஃபார்ச்சூனரில் அந்த வேலையைச் செய்வது ஒரு நீளமான குறுக்குத் தண்டு. ஒரு முனை சேசிஸில், மறுமுனை அச்சில். எளிமையானது, முறுக்கினாலும் அடித்தாலும் தாங்குவது. உலகமெங்கும் எத்தனையோ ஜீப்புகளில் இருப்பதும் இதுதான். ஆனால் ஒரு முனையில் கட்டிய தண்டு வட்டப்பாதையில்தான் ஆடும். கதவு கீலில் ஆடுவதைப்போல. அதனால் அச்சு மேலே ஏறும்போது ஒரு நூல் பக்கவாட்டிலும் நகரும். இது பழுதல்ல, வடிவியல்.

எண்டெவரில் குறுக்குத் தண்டு இல்லை. சேசிஸின் இருபுறமிருந்தும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டுகள் வந்து, அச்சின் நடுவில் சுழலக்கூடிய ஒரு சிறு துண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் இணைகின்றன. ஒன்று இடப்பக்கம் இழுக்கப் பார்த்தால் மற்றது வலப்பக்கம் இழுக்கிறது. நடுத்துண்டு சுழன்று இரண்டையும் சமன்செய்துவிடுகிறது. அச்சு நேர்க்கோட்டில் ஏறி இறங்குகிறது. இதற்கு வாட் இணைப்பு என்று பெயர். நீராவி எஞ்சினின் பிஸ்டன் தண்டை நேராக ஓட்டுவதற்காக ஜேம்ஸ் வாட் 1784-இல் காப்புரிமை வாங்கியது. இருநூறு ஆண்டுக்கு மேல் பழைய யோசனை, எங்கள் வீட்டுப் பையனின் வயிற்றைக் காப்பாற்றியிருக்கிறது! குழிக்குள் நின்றபடி அந்தச் சின்னத் துண்டைக் கையால் தொட்டுப் பார்த்தேன். காட்சிக்கு வைக்கிற இடமில்லை அது. விளம்பரத்தில் அதற்கு ஒரு வரி கிடைக்காது. அப்படியும் அதைச் செலவுசெய்து வைத்த பொறியாளர், கடைசி சீட்டில் யாரோ உட்காருவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொல்லிமலையில் பலாப்பழ நேரம், ஐந்து பழம் வாங்கினோம். எண்டெவரில் கடைசி வரிசையைப் பொத்தானை அழுத்தினால் போதும், தரையோடு தரையாகப் படுத்துவிடும். ஃபார்ச்சூனரில் இரண்டு சீட்டையும் பக்கவாட்டில் தூக்கி ஜன்னலோரம் வாரால் கட்ட வேண்டும். தரை தாழ்வாகக் கிடைப்பதால் உயரமான மூட்டைக்கு ஃபார்ச்சூனர் தேவலை. அகலத்துக்கும் பின் ஜன்னல் வழிப் பார்வைக்கும் எண்டெவர்தான் சரி.

இவ்வளவு சொன்ன பிறகும், புது வண்டி கேட்பவருக்கு எண்டெவரைக் காட்ட முடியாது என்பது நெஞ்சில் நிற்கிறது. மறைமலைநகரில்தான் இது தயாரானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது, விற்பனை நன்றாக நடந்துகொண்டிருந்த இந்த வண்டியும் சேர்ந்தே போனது. ஜிஎஸ்டி சாலையில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். 2024-இல் ஏற்றுமதிக்காக ஆலையைத் திறக்க விருப்பக் கடிதம் கொடுத்தார்கள் என்ற செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். பிடதியில் தயாராகும் ஃபார்ச்சூனரோ இன்றும் ஷோரூமில் நிற்கிறது. எந்த ஊரிலும் பாகம் கிடைக்கிறது, பத்து வருடம் ஓடியபின்னும் நல்ல விலைக்குப் போகிறது. மச்சான் அதை மாற்றப்போவதில்லை. மாற்றச் சொல்லவும் மாட்டேன்.

பழைய எண்டெவர் வாங்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்று மட்டும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கடைசி வரிசையில் ஏறி உட்காருங்கள். அகலமான வேகத்தடை ஒன்றின்மேல் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி, நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள். இடுப்பு மேலே எழுந்து நேராகக் கீழே இறங்கினால் வாட் இணைப்பின் புஷ்கள் நன்றாக இருக்கின்றன. ஒரு பக்கம் இழுத்தால், அடியில் இறங்கி நடுத்துண்டின் புஷ்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.