சாய்த்துப் பார்க்கும் கலை

நெடுங்கடல் பயணத்துக்கென்று கட்டிய மோட்டார் படகைச் சோதிப்பதில் என்னை மிகவும் ஈர்ப்பது, ஓட்டிப் பார்க்கும் முன் செய்யும் சாய்வுச் சோதனை. காற்றடங்கிய நேரத்தில் கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, மேல்தளத்தில் எடைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். உள்ளே ஒரு தூக்குக்குண்டு தொங்கும். கொத்தனார் சுவரின் நேர் பார்க்க வைத்திருக்கும் அதே கருவி. அது எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்துப் படகின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். எத்தனை அழகான அளவீடு!

மையம் மிக உயரத்தில் இருந்தால் படகு சாய்ந்தபின் மெதுவாக, தயங்கித் தயங்கி நிமிரும். மிகத் தாழ்ந்திருந்தால் வெடுக்கென்று நிமிர்ந்து ஆளை உலுக்கும். வாரக்கணக்கில் அதற்குள்ளேயே சமைத்து உறங்குகிறவர்களுக்கு இரண்டும் துன்பம். போதாததற்கு, அடித்தொட்டிகளில் டீசல் குறையக் குறைய மையம் மேலேறும். அதனால் நிறைந்த தொட்டிக்கும் வற்றிய தொட்டிக்கும் தனித்தனிக் கணக்கு. வேகச் சோதனை எளிது: அளந்த தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டி, நீரோட்டத்தின் உதவியைக் கழித்துவிடுவார்கள்.

கோவாவில் கட்டி 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்த்த ‘தாரிணி’ 17 மீட்டர் பாய்மரப் படகு. நிமிர்ந்தெழும் கணக்கு அதற்கும் இதுவே. அந்தப் படகில் கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, கேப் ஹார்னைக் கடந்து, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள்.