வினாத்தாளும் வளையும் சட்டமும்: மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் இயற்பியல் கற்பித்தல்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த இவ்வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் 2001-02ஆம் ஆண்டளவில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பல்கலைக்கழகம் மாறினும் ஒன்று மாறவில்லை: இணைப்புக் கல்லூரியில் வகுப்பெடுப்பவர் ஒருவர்; வினாத்தாள் அமைப்பவர் வேறொருவர். கற்பித்தலின் போக்கு இவ்விடைவெளியில்தான் உருவாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் வினாத்தாளை நோக்குக. பத்து இரு மதிப்பெண் வினாக்கள், ஐந்து 13 மதிப்பெண் வினாக்கள், ஒரு 15 மதிப்பெண் வினா. இறுதி வினாவை ஒதுக்கினால் ஒவ்வோர் அலகும் 17 மதிப்பெண் தரும். மூன்று அலகுகளை முழுமையாகப் பயின்றவர் 51 பெறலாம். 80 விழுக்காட்டு எடையில் அது ஏறத்தாழ 41. எஞ்சிய ஒன்பதை அகமதிப்பீட்டின் இருபதிலிருந்து பெற்றால் தேர்ச்சி உறுதி. குவாண்டம் இயற்பியலைத் தொடாமலேயே ஒருவர் இயற்பியலில் தேறலாம். இக்கணக்கை மாணவர் முதற்பருவத்திலேயே கற்றுவிடுகின்றனர். பாடத்தைக் காட்டிலும் விரைவாக என்று சொல்லத் தோன்றுகிறது.

பயின்ற அலகின் நிலை என்ன? சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் காண்பது வகுப்பிலும் உண்டு, ஆய்வகத்திலும் உண்டு. தேர்வு வேண்டுவது சமன்பாட்டை வருவித்தலும் சோதனை விளக்கமும். அச்சமன்பாட்டில் குணகம் சட்டத்தின் தடிமனின் மும்மடிக்கு எதிர்த்தகவில் அமைகிறது. ஆகவே தடிமனில் ஒரு விழுக்காட்டுப் பிழை விடையில் மூன்று விழுக்காடாகும். கத்திமுனைகளுக்கு இடைப்பட்ட நீளமும் மும்மடியாகவே வருகிறது. எனினும் பல பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை சிறிது. சில மில்லிமீட்டர் தடிமனில் அதன் பத்தில் ஒரு பங்கும் பெரிது. திருகு அளவியைப் பல இடங்களில் வைத்து அளப்பது இதனால்தான். வருவித்தலை மனனம் செய்து 13 மதிப்பெண் பெறும் மாணவருக்கு இக்காரணம் தெரிந்திருக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. வகுப்புச் சமன்பாடும் ஆய்வக அளவியும் ஒரே கல்லூரியில் இருந்தும் சந்திப்பதில்லை.

பொதுத்தேர்வுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. சிற்றூர்க் கல்லூரி மாணவரின் மதிப்பெண்ணை நகரத்தவரின் மதிப்பெண்ணோடு ஒப்ப மதிக்கச் செய்வது அதுவே. 1957இல் தோன்றிய தியாகராசர் பொறியியல் கல்லூரி 1987 முதல் தன்னாட்சி பெற்றுத் தன் வினாக்களைத் தானே அமைக்கிறது. அவ்வுரிமை எல்லாக் கல்லூரிக்கும் எளிதன்று. ஆயினும் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கருத்துப் பாடங்களின் அகமதிப்பீட்டை 40ஆக உயர்த்தியிருக்கிறது. அந்நாற்பதிற்குள் தடிமனை ஏன் பலமுறை அளக்கிறோம் என்று கேட்க எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. அகத்தேர்வையும் பருவத்தேர்வின் ஒத்திகையாகவே நடத்துவோமாயின் அப்பொறுப்பு வினாத்தாள் அமைப்பவருடையதன்று, நம்முடையது.